தோம்பில் பெயர் எழுதியவர்களைத் தேடி வந்தவர்

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 16ஆந் திகதி காலைக் கூட்டத்தில் யோசேவாஸ் முனிவரின் கதை சொல்லப்படும். பொங்கல் முடிந்து ஓரிரண்டு நாள்தான் ஆகியிருக்கும். ஊருக்குப் போய் வந்த விடுதிப் பிள்ளைகளின் பெட்டிகளில் வீட்டுப் பலகாரம் மிச்சம் இருக்கும். கவனம் அதிலேதான் இருக்கும். என்றாலும் மழைக் கதை வந்ததும் கட்டுக்கரைப் பக்கத்துப் பிள்ளைகளாகிய நாங்கள் நிமிர்ந்து நிற்போம். முருங்கன், உயிலங்குளம் பக்கம் பிறந்தவர்களுக்கு மழை என்றால் என்னவென்று சொல்லித்தரத் தேவையில்லை. அருவியாற்றில் தண்ணீர் வந்து, தேக்கத்தில் மறிபட்டு, வாய்க்காலால் ஓடிக் கட்டுக்கரைக் குளம் நிறைந்தால்தான் எங்கள் அப்பாமாருக்கு வயல். வானம் பொய்த்த ஓர் ஆண்டில் கண்டி அரசன் கேட்டதற்காக ஒரு முனிவர் மழைக்கு மன்றாடினார், மழை பெய்தது, அவர் நின்ற இடம் மட்டும் நனையவில்லை என்றால் அவர் எங்கள் ஆள். அவரைப் பற்றி நாங்கள் அறிந்திருந்தது அவ்வளவுதான்.

பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு எழுதும்படி கேட்டபோது, மருத்துவத் தொழிலில் இருப்பவர்கள் என்பதால் நீரிழிவு பற்றியோ உயர் இரத்த அழுத்தம் பற்றியோதான் எழுதச் சொல்வார்கள் என்று நினைத்தோம். ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதலாம் என்றார்கள். அப்போது மனதில் வந்தவர் இவர். மழைக்காக அல்ல. மழைக்கதையின் நிழலில் மறைந்துபோன வேறொரு கதைக்காக. அந்தக் கதை, உலகமெங்கும் சிதறி வாழும் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு, எந்தச் சமயத்தவராய் இருந்தாலும், வேண்டியது என்று நாற்பது வயது தாண்டிய பிறகு எங்களுக்குப் படுகிறது.

யோசேவாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி கோவாவில் பெனாலிம் என்ற ஊரில் பிறந்தார். தந்தை கிறிஸ்தோவாவோ வாஸ், சாங்கோலே ஊரவர். தாய் மரியா த மிராந்தா. கொங்கணி பேசும் குடும்பம். 1676இல் குருவானார். கோவா அப்போது போர்த்துக்கேயரின் கீழ் இருந்தது. அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்களும் இரண்டு வகையாய் இருந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த துறவற சபைகளின் கதவுகள் அந்த மண்ணில் பிறந்த குருமாருக்குப் பெரும்பாலும் திறக்கவில்லை. ஒரே பலிபீடத்தின் முன் மண்டியிட்டாலும் தோலின் நிறம் கூடவே மண்டியிட்டது. 1677இல், தமது 26ஆவது வயதில், யோசேவாஸ் தம்மை மரியன்னையின் அடிமையாக எழுதிக் கொடுத்துக் கையொப்பமிட்டார். அடிமைகள் சந்தையில் விலைபோன காலத்தில், தன்னிச்சையாய்த் தன்னை எழுதிக் கொடுத்த ஒருவரின் தாள் அது. அவர் யார் என்பதை இனிமேல் கோவாவின் மேட்டுக்குடியோ, ஐரோப்பியரோ, அவருடைய சொந்தக் குறைகளோ தீர்மானிக்கப் போவதில்லை. அந்தக் கேள்வியை 26 வயதிலேயே அவர் முடித்துவிட்டார் என்றுதான் நாங்கள் அதை விளங்கிக்கொள்கிறோம்.

பிறகு கன்னட நாட்டுக் கரையோரத்தில் 1681 முதல் 1684 வரை ஊழியம். கோவாவுக்குத் திரும்பியதும், உள்ளூர்க் குருமார் சிலர் தாங்களாகவே தொடங்கியிருந்த சிறு குழுவில் சேர்ந்து, அதை ஒரட்டோரியன் சபையாக ஒழுங்குபடுத்தினார். இலங்கையில் கத்தோலிக்கர் குருவின்றி வாடுகிறார்கள் என்ற செய்தி அவருக்கு முன்னமே எட்டியிருந்தது. 1686இல் புறப்பட்டார். கூட வந்தவர் ஜோன் என்ற உதவியாளர் மட்டும்.

அவர் வந்த இலங்கையைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஏனென்றால் அது எங்கள் மன்னார்.

மன்னாரில் கத்தோலிக்கராய்ப் பிறந்தவர்கள் எல்லோரும் வேதசாட்சிகளின் கதையோடு வளர்ந்தவர்கள். 1544இல் யாழ்ப்பாண அரசனின் படை வந்து, புதிதாய் ஞானஸ்நானம் பெற்ற அறுநூறு பேரளவில் வெட்டிக் கொன்றது. தோட்டவெளிக்கு யாத்திரை போகாத பிள்ளை எங்கள் வகுப்பில் இல்லை. சைவப் பிள்ளைகள்கூட வந்தார்கள், வழியில் குடிக்கிற சர்பத்துக்காக. நாங்கள் வேதசாட்சிகளின் பிள்ளைகள் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. அந்தப் பெருமை உண்மையானது. ஆனால் அதில் ஒரு கணக்குப் பிசகு இருக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது. வெட்டுண்டு இறந்தவர்கள் இறந்துவிட்டார்கள். இந்தக் கரையில் பெருகிய நாங்கள் பெரும்பாலும் மற்றவர்களின் பேரப்பிள்ளைகள்.

அந்த மற்றவர்கள் யார்? 1658ஆம் ஆண்டு பெப்ரவரியில் மன்னார்க் கோட்டை ஒல்லாந்தரிடம் விழுந்தது. நான்கு மாதத்தில் யாழ்ப்பாணமும் விழுந்தது. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டார்கள். குருவுக்கு இடங்கொடுப்பவர்களுக்கு மரண தண்டனை என்று அதே ஆண்டில் கட்டளை பிறந்தது. கோயில்கள் ஒல்லாந்தச் சபையின் கோயில்களாயின. ஒவ்வொரு கோயிலோடும் ஒரு பாடசாலை, ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு தோம்பு. பிறப்பு, ஞானஸ்நானம், விவாகம் எல்லாம் அந்தத் தோம்பில் ஏற வேண்டும். ஏறாத விவாகம் விவாகமில்லை, ஏறாத பிள்ளைக்கு முதுசம் இல்லை. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாவிட்டால் தண்டம். பால்டியஸ் என்ற ஒல்லாந்தப் போதகர் யாழ்ப்பாணம், மன்னார், மாதோட்டப் பக்கக் கோயில்களுக்கெல்லாம் போய், எங்கே எத்தனை பிள்ளைகள் வினாவிடை பாடமாக்குகிறார்கள் என்று எண்ணிப் புத்தகத்தில் எழுதி வைத்தார்.

அந்த எண்ணிக்கைக்குள் எங்கள் பாட்டன் பாட்டிமார் இருந்தார்கள். காணியைக் காப்பாற்ற, பிள்ளையின் பெயரைக் காப்பாற்ற, முதுகைக் காப்பாற்றத் தோம்பில் பெயர் எழுதினார்கள். பகலில் ஒல்லாந்தக் கோயிலில் நின்றார்கள். இரவில் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னார்கள். மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு 1670 அளவில் மருதமடுக் காட்டுக்குப் போன கதை எல்லோருக்கும் தெரியும். போகாதவர்களின் கதையை யாரும் சொல்வதில்லை. மாந்தையில் இருந்தவை இருபது வீடுகள் மட்டும்தானா என்ன?

அப்படியிருந்தவர்களின் மனதை நினைத்துப் பாருங்கள். தாங்கள் செய்வது தவறென்று அவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய வேதத்தில் அதைச் சொல்லி ஆற ஒரு வழி இருந்தது: பாவசங்கீர்த்தனம். ஆனால் அதைக் கேட்க நாட்டில் குருவில்லை. ஓராண்டு, ஈராண்டு அல்ல. கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள். குற்றத்தைச் சுமந்தபடியே பிள்ளை பெற்றார்கள், குற்றத்தைச் சுமந்தபடியே செத்தார்கள். மருத்துவர்களான எங்களுக்கு இது பழக்கமான படம். புண் பெரிதில்லை. மூடிக் கட்டியபடியே விட்டுவிட்டதால் உள்ளே சீழ் கட்டிவிட்டது.

யோசேவாஸ் அந்தப் புண்ணுக்குத்தான் வந்தார். தூத்துக்குடியில் தோணி ஏறி, 1687இல் யாழ்ப்பாணக் கரையில் கால் வைத்தார். குருவின் அங்கியில்லை. கூலிக்காரனின் கந்தைத் துணி, வெறுங்கால். வந்த வேகத்தில் கடுமையான வயிற்றோட்டம். தொற்று நோய் என்று பயந்து அவரையும் ஜோனையும் ஊருக்கு வெளியே விட்டார்கள். ஒரு பெண் கொண்டுவந்து வைத்த கஞ்சியில் பிழைத்தார் என்பது வழிவழி வரும் கதை. நீரும் உப்பும் கஞ்சியும் வயிற்றோட்டத்தில் உயிர் காக்கும் என்பதை உலகம் ஒத்துக்கொள்ள அதன் பிறகு முந்நூறு ஆண்டுகள் ஆயின என்பதை இடையில் சொல்லிவைக்கிறோம். அந்தப் பெண்ணின் பெயர் எந்தத் தோம்பிலும் இல்லை.

எழும்பி நடக்க முடிந்ததும் வீடு வீடாய்ப் பிச்சைக்குப் போனார். கழுத்தில் ஒரு செபமாலையைத் தெரியும்படி போட்டுக்கொண்டார். யார் கத்தோலிக்கர் என்று எப்படிக் கேட்பது? கேட்டால் கேட்டவருக்கும் ஆபத்து, சொன்னவருக்கும் ஆபத்து. அவர் வாய் திறந்து எதையும் கேட்கவில்லை. பிச்சை போட வருகிறவர்களின் கண் செபமாலையில் விழுந்து என்ன செய்கிறது என்பதை மட்டும் பார்த்தார். சிலர் கண் அதில் படவே இல்லை. சிலர் முறைத்தார்கள். சிலர் பார்த்தார்கள், உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

எங்களை அதிகம் தொட்டது இந்த இடம். கண்ணைத் தாழ்த்தியவர்களைத்தான் அவர் தேடினார். நோயாளியின் வாய் சொல்லாததை முகம் சொல்லும் என்று மருத்துவ பீடத்தில் எங்களுக்குப் படிப்பித்தார்கள். அவர் அதைத் தெருவில் படித்திருந்தார். அந்தக் கண்ணில் வெறுப்பில்லை. வெட்கம் இருந்தது. வெட்கம் இருக்கும் இடத்தில் இன்னும் ஏதோ உயிரோடு இருக்கிறது.

கடைசியில் ஒரு வீட்டில் தாம் யார் என்று சொன்னார். அங்கிருந்து சில்லாலைக்குக் கொண்டுபோனார்கள். விசுவாசத்தை விட்டுக்கொடுக்காத ஊர் என்று பெயர் பெற்றது அது. அங்கே தங்கி, இரவில் ஊர் ஊராய்ப் போனார். பூசை வைத்தார், ஞானஸ்நானம் கொடுத்தார், விவாகங்களை ஆசீர்வதித்தார். எல்லாவற்றுக்கும் மேலாய் உட்கார்ந்து கேட்டார். முப்பது ஆண்டுப் பாவம் இரவு முழுவதும் வரிசையில் நின்றது. வந்தவர்களில் எத்தனையோ பேர் தோம்பில் பெயர் எழுதியவர்கள். அவர்களிடம் அவர் வேதசாட்சிகளைக் காட்டி, நீங்கள் ஏன் இப்படிச் சாகவில்லை என்று கேட்கவில்லை. அதற்காகப் பயந்ததெல்லாம் பாவமில்லை, போங்கள் என்றும் தள்ளிவிடவில்லை. பாவத்தைப் பாவமென்றே வைத்துக் கேட்டார், கேட்டுவிட்டு அவிழ்த்துவிட்டார். விடியுமுன் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் தோம்பு அதே இடத்தில்தான் இருந்தது, ஒல்லாந்தரும் இருந்தார்கள். ஆனால் போனவர்கள் வந்தவர்களாய் இருக்கவில்லை.

இந்த இரண்டு மறுப்பும் சேர்ந்ததுதான் மருந்து. எங்கள் தொழிலில் நாங்கள் அடிக்கடி பிழைவிடும் இடமும் இதுவே. ஒரு தாய் இறந்து பிறந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, எந்தப் பாவத்துக்கு இது என்று கேட்கிறாள். அவளுக்குச் சொல்ல வேண்டியது தெளிவு: நச்சுக்கொடி பிரிந்துவிட்டது, அம்மா, நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. அது பாவமில்லை, பழி. அதை எடுத்துவிட வேண்டும். ஆனால் வேறு சிலர் வருகிறார்கள். நித்திரையில்லை, நெஞ்சு படபடக்கிறது, ஈசீஜி சுத்தம். மூன்றாம் நான்காம் முறை வரும்போது கதை வெளியே வரும். 2009இல் செல்லுக்குள் ஓடும்போது ஒரு கையை விட்டுவிட்டோம் என்பார்கள். திரும்பிப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை என்பார்கள். அதற்கும் நாங்கள் அவசரப்பட்டு, பரவாயில்லை, உங்கள் பிழையில்லை என்கிறோம். அவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுக் குளிசையோடு போய்விடுகிறார்கள். தாங்கள் செய்தது தங்களுக்குத் தெரியும் என்று நம்புகிறவரிடம், ஒன்றுமில்லை என்று சொல்வது காது கொடுக்க மறுப்பதுதான். முதலில் முழுவதையும் கேட்க வேண்டும். யோசேவாஸ் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தது அதற்குத்தான்.

1689ஆம் ஆண்டு நத்தார் இரவு. யாழ்ப்பாணத்தில் பூசைக்குக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தச் சிப்பாய்கள் சுற்றி வளைத்தார்கள். கிட்டத்தட்ட 300 பேர் பிடிபட்டார்கள். யோசேவாஸ் அகப்படவில்லை. பிடிபட்டவர்களில் முக்கியமானவர்கள் கசையடி பட்டுக் கடூழியத்துக்குப் போனார்கள். ஒல்லாந்தராய்ப் பிறந்து கத்தோலிக்கத்துக்கு வந்திருந்த ஒருவர் அடியிலேயே இறந்தார்.

அவரைத் தேடி வந்த அடி மற்றவர்கள் முதுகில் விழுந்தது. அவர் தப்பினார். தப்பியவர்கள் என்ன செய்வார்கள் என்று எங்கள் தலைமுறைக்குச் சொல்லத் தேவையில்லை. சிலர் தாங்களும் அழிந்துபோக வழி தேடுவார்கள். சிலர் அந்த ஊரின் பெயரையே பிறகு உச்சரிக்க மாட்டார்கள். அவர் ஓடிப்போய் ஒல்லாந்தரிடம் சரணடையவில்லை, கோவாவுக்கும் திரும்பவில்லை. 1690இல் ஒல்லாந்தரின் கை எட்டாத, கண்டி அரசனின் ஆட்சிக்குள் இருந்த புத்தளத்துக்குப் போய், விட்ட வேலையைத் தொடர்ந்தார். பின்னாளில் வன்னிக்கும் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மறுபடி மறைந்து மறைந்து வந்தார். தமக்காக அடிபட்டவர்களுக்கு அவர் செலுத்திய கடன் வேலை. அடிபட்ட ஊரை மறந்துவிடாமல் இருப்பதும், அதை நினைத்து முடங்கிப் போகாமல் இருப்பதும் ஒருங்கே முடியும் என்பதற்கு அவருடைய அடுத்த 21 ஆண்டுகள் சாட்சி.

1692இல் கண்டிக்குப் போனார். போன உடனே போர்த்துக்கேய உளவாளி என்று அரசனிடம் கோள் சொல்லப்பட்டுச் சிறைக்குப் போனார். கோள் சொன்னவர் ஒரு பிரெஞ்சுக்காரர். சிறையில் சிங்களம் படித்தார். காவல் மெல்ல மெல்லத் தளர்ந்தது. பிறகு வறட்சி வந்தது, மழையும் வந்தது. அதை நீங்கள் ஜனவரி 16ஆந் திகதிகளில் போதிய அளவு கேட்டிருப்பீர்கள். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைத் தடையின்றி நடமாட விட்டான். ஒரு பௌத்த அரசனின் நிழலில், இன்னொரு கிறிஸ்தவ அரசிடமிருந்து தப்பி, கத்தோலிக்கம் இந்த நாட்டில் பிழைத்தது. சமயங்களைப் பற்றி எளிதாய்ப் பேசுகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

1697இல் கண்டியில் பெரியம்மை. அந்த நோயை எங்களில் யாரும் பார்த்ததில்லை. நாங்கள் பிறந்த காலத்தில், 1980ஆம் ஆண்டு மே மாதம், அது உலகத்திலிருந்து ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. பாடப் புத்தகத்தில் படம் மட்டும் பார்த்தோம். கடும் காய்ச்சல், பின் உடம்பெங்கும் சீழ்க் கொப்புளம், கண்ணிலும் தொண்டையிலும்கூட. நூறு பேருக்கு முப்பது பேரளவில் சாவார்கள். பிழைத்தவர்களில் பலருக்கு முகம் போகும், சிலருக்குக் கண் போகும். ஜென்னரின் அம்மைப்பால் வர இன்னும் ஒரு நூற்றாண்டு இருந்தது. அரசன் நகரை விட்டுப் போனான். வசதியுள்ளவர்கள் போனார்கள். நோயாளிகளைக் காட்டோரம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வீட்டார் போனார்கள்.

யோசேவாஸும் அவருடைய மருமகனான கர்வால்யோ குருவும் தங்கினார்கள். கிடந்தவர்களுக்குக் கொட்டில் போட்டார்கள். கஞ்சி காய்ச்சி ஊட்டினார்கள். சீழைக் கழுவினார்கள். இறந்தவர்களைப் புதைத்தார்கள். இன்றைக்கு எங்களை அந்தக் கொட்டிலில் கொண்டுபோய் விட்டால், மருந்தில்லாத அந்த நோய்க்கு இதைவிடப் பெரிதாய் நாங்களும் ஒன்றும் செய்திருக்க மாட்டோம்: தண்ணீர், உணவு, சுத்தம், பக்கத்தில் ஓர் ஆள். நோயாளிகளில் பெரும்பாலோர் பௌத்தர்கள். அம்மை தெய்வ கோபம் என்று எல்லோரும் நம்பிய காலம். நோய் பிடித்தவன் தண்டிக்கப்பட்டவன்; அவனைத் தொடுவது தண்டனைக்குள் கை வைப்பது. அந்தக் கையை அவர் வைத்தார். உனக்கு ஏன் வந்தது என்ற கேள்வியை யாரிடமும் கேட்காமல் சீழைக் கழுவிய ஒருவரைப் பார்த்தபோது, தண்டனை என்ற எண்ணமே சிலருக்கு உதிர்ந்திருக்கும். கருணையைப் பற்றி ஞானோபதேச வகுப்பில் நாங்கள் பாடமாக்கிய விடைகள் எல்லாம் மறந்து போயின. கொட்டிலில் இருந்த அந்தக் கஞ்சிச் சிரட்டை மட்டும் மனதில் நிற்கிறது.

அதன்பிறகு கோவாவிலிருந்து குருமார் ஒவ்வொருவராய் வந்தார்கள். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதிக் குவித்தார். யோசேவாஸை ஆயராக்க விரும்பினார்கள், அவர் மறுத்தார். நடந்தே திரிந்த உடம்பு கடைசி ஆண்டுகளில் காய்ச்சலால் நைந்து போயிற்று. 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆந் திகதி இரவு, 60 வயது நிறைய மூன்று மாதம் இருக்கையில், கண்டியில் காலமானார். அவரைப் புதைத்த இடம் இன்றைக்கு அடையாளம் தெரியாது. இவ்வளவு பேருடைய சுமையை இறக்கி வைத்தவருக்கு ஒரு கல்லறைக் கல்லின் சுமைகூட இல்லை.

1995 ஜனவரி 21ஆந் திகதி, இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் கொழும்பு காலிமுகத் திடலில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தார். அந்த மாதம்தான் போர் நிறுத்தம் ஒன்று வந்திருந்தது. ஏப்ரலில் அதுவும் முறிந்தது. நாங்கள் பதின்ம வயதுப் பிள்ளைகள். இருபது ஆண்டு கழித்து, 2015 ஜனவரி 14ஆந் திகதி காலை, அதே திடலில் பிரான்சிஸ் பாப்பரசர் அவரைப் புனிதர் என்று அறிவித்துவிட்டு, பின்னேரம் மடுவுக்கு வந்தார். நாங்கள் மடுவில் கூட்டத்தோடு கூட்டமாய் வெயிலில் நின்றோம். மயங்கி விழுந்தவர்களுக்கு நிழலும் தண்ணீரும் கொடுத்தது தவிர அன்று மருத்துவம் ஒன்றும் செய்யவில்லை. சிங்களத் தாய்மாரும் தமிழ்த் தாய்மாரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள், இரண்டு பக்கமும் மகன்களின் படத்தை வைத்துக்கொண்டு.

எங்களுக்கும் ஒரு தோம்பு இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால், மேலே எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும்.

1990ஆம் ஆண்டு நாங்கள் ஐந்தாம் வகுப்பு. ஜூனில் போர் தொடங்கிப் பாடசாலை பூட்டியது. பூட்டுவதற்கு முந்திய கிழமை, எங்கள் வாங்கில் பக்கத்தில் இருந்த முஸ்லிம் பிள்ளையிடம் ஒரு நிறப்பென்சில் பெட்டியை இரவல் வாங்கினோம். பன்னிரண்டு நிறம். சவூதியில் இருந்த அவளுடைய வாப்பா அனுப்பியது. ஒக்டோபர் கடைசியில், ஆயுதம் வைத்திருந்தவர்களின் உத்தரவில், வடமாகாண முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்த் தீவில் இருந்தவர்கள் கடலால் கற்பிட்டிக்குப் போனார்கள். பெருநிலப்பரப்பில் இருந்தவர்கள் நடந்தும் வாகனத்திலும் போனார்கள். எங்கள் வீட்டுப் பக்கத்து வீதியால் அவர்கள் போன நாளில், பெரியவர்கள் எங்களை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். யாரோ படலையடியில் நின்று தண்ணீர் கேட்டது எங்களுக்குக் கேட்டது. கதவு திறக்கவில்லை. திறக்கச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைகள் என்ன செய்திருக்க முடியும் என்பது சரிதான். ஆனால் பாடசாலை திறந்தபோது வாங்கில் பக்கத்து இடம் வெறுமையாய் இருந்தது. அதைப் பற்றி யாரும் ஒரு சொல் பேசவில்லை. ஏ.எல். முடித்துப் போகும்வரை, பதினெட்டு பத்தொன்பது வயதிலும், நாங்களும் பேசவில்லை. அதற்குப் பத்து வயதைச் சாட்டாகச் சொல்ல முடியாது.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் வகுப்புப் பிள்ளைகளோடு பேசும்போது, வேறு வேறு தோம்புகள் வெளியே வரும். ராமேஸ்வரத்துக்குத் தோணி ஏறியபோது அம்மம்மாவை விட்டுவிட்டுப் போனவள். தங்கச்சியைப் பிடித்துக்கொண்டு போனபோது வெளிநாட்டுக் குளிரில் பாத்திரம் கழுவிக்கொண்டு இருந்தவள். காசு அனுப்பிய கை, அனுப்பாத கை. ஒவ்வொருவரும் தாங்கள் மட்டும்தான் பெயர் எழுதியவர்கள் என்று நினைத்துக்கொண்டு, மற்றவர்கள் எல்லோரையும் வேதசாட்சிகளாய் வைத்திருக்கிறார்கள்.

மருத்துவராகிச் சில ஆண்டுகளின் பின் புத்தளத்தில் வேலை கிடைத்தது. நத்தார் இரவுக்குப் பிறகு யோசேவாஸ் போன அதே புத்தளம். போன முதல் மாதத்திலேயே அவளைத் தேடிக் கண்டுபிடித்திருக்கலாம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊர் அது. தேடவில்லை. ஓராண்டு கழித்து, பிள்ளைக்கு இழுப்பு என்று அவளே வந்தாள். பெயரைப் பார்த்து எங்களை அடையாளம் கண்டவளும் அவள்தான். நாங்கள் கண்ணைத் தாழ்த்தினோம்.

பிள்ளைக்கு இழுப்புக் குறைந்த பின், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனோம். ஓலை வேலி போட்ட முகாம் வீடு, பதினெட்டு ஆண்டாய்த் தற்காலிகமாய் நிற்கிற வீடு. பென்சில் பெட்டியைப் பற்றிச் சொன்னோம். அவளுக்கு அது நினைவிலேயே இல்லை. சிரித்தாள். பிறகு படலையடியில் தண்ணீர் கேட்டதைச் சொன்னோம், கதவைச் சொன்னோம், பாடசாலையில் பேசாமல் இருந்த ஒன்பது ஆண்டையும் சொன்னோம். அவள் சிரிக்கவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. நீண்ட நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நீங்கள் யாருமே ஒரு கடிதம் போடவில்லை என்பதுதான் எங்களுக்கு நோவாய் இருந்தது என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ச் சோறு போட்டாள். சாப்பிட்டோம். பின்னேரம் ஆகும்வரை இருந்தோம். போகும்போது, வாசல் மரத்தடியில் இருந்த தண்ணீர்க் குழாய் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். பாடசாலைக் குழாயைத்தான் கேட்டாள். இருக்கிறது என்றோம்.

போர் முடிந்து சில ஆண்டுகளில் அவர்கள் மன்னாருக்குத் திரும்பி வந்தார்கள். இழுப்பு வந்த அந்தப் பிள்ளை எங்கள் பாடசாலையில் படித்து, இப்போது அவளும் பழைய மாணவி. இந்த மலரின் ஒரு பிரதி அந்த வீட்டுக்கும் போகிறது. அதோடு ஒரு கடிதமும் வைத்திருக்கிறோம்.